கடைசிப் படகு கரை ஏறும் வரை: ஒரு சின்னப் பாய்ப்படகு கிளப்பில் இரண்டு சீசன்

முதன்முதலாக அந்தக் கிளப்பைப் பார்க்கப் போன அன்று எங்களை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. நானும் என் பதினோரு வயது மகனும் வாசலில் பத்து நிமிடம் நின்றிருப்போம். "வாங்க" என்று ஒரு வார்த்தை இல்லை. இருந்த ஏழெட்டுப் பேரும் சொட்டச் சொட்ட நனைந்த உடையோடு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, இது நமக்கான இடம் இல்லை, திரும்பிவிடலாம் என்று மகனின் கையைப் பிடித்தபோதுதான் நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். தூரத்தில் ஒரே ஒரு குட்டிப் பாய். காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. மற்ற படகுகள் எல்லாம் எப்போதோ கரையேறிவிட்டன. பாதுகாப்புப் படகு அதன் பக்கத்திலேயே மெதுவாக வந்துகொண்டிருந்தது, ஆனால் கயிறு போட்டு இழுக்கவில்லை. உள்ளே இருந்த சிறுமி வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அவள் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஹாரன் அடித்தார்கள். அப்புறம்தான் ஒரு பெரியவர் திரும்பி, "மன்னிச்சுக்கங்கம்மா, நீங்க யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார்.

சேர்ந்து இரண்டு சீசன் முடிந்துவிட்டது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். அந்த ஒன்று எங்கே போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. பாய்ப்படகு கிளப் என்றதும் வெள்ளைப் பேன்ட், கறுப்புக் கண்ணாடி, பளபளக்கும் பெரிய யாட் என்று நினைத்து வருபவர்கள் இருக்கிறார்கள். இங்கே அதெல்லாம் கிடையாது. ஒரு கொட்டகை, படகு இறக்கும் சரிவு, சக்கர வண்டிகளில் வரிசையாக நிற்கும் டிங்கிகள் என்ற சின்னப் பாய்ப்படகுகள், கொடிக்கம்பம், ஒரு தண்ணீர்க் குழாய், ரப்பர் விளிம்பு வைத்த இரண்டு மோட்டார் படகுகள். அவ்வளவுதான் சொத்து. சம்பளத்துக்கு ஆள் யாரும் இல்லை. படகைத் தள்ளுவதில் தொடங்கி கழிவறையைக் கழுவுவது வரை உறுப்பினர்கள்தான் செய்கிறார்கள். சேரும் படிவத்தோடு ஒரு முறைப்பணி அட்டவணையையும் கையில் கொடுப்பார்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது. நானும் சுளித்தவள்தான்.

பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் படகு. பார்த்தால் குளியல் தொட்டிக்குப் பாய் கட்டியது மாதிரி இருக்கும். மூக்குப் பக்கம் சப்பையாக வெட்டிவிட்டது போல முடியும். கிளார்க் மில்ஸ் என்பவர் 1947-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வடிவமைத்தது. சாதாரண ஒட்டுப்பலகையில், குறைந்த செலவில், அப்பாக்கள் வீட்டிலேயே செய்துவிடும்படி இருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். இன்றைக்கு ஃபைபரில் வருகிறது. நீளம் இரண்டேகால் மீட்டருக்குச் சற்று அதிகம், எடை 35 கிலோ. பதினைந்து வயது வரைதான் இதில் போட்டியிடலாம். பெரியவர்களுக்கு லேசர். புரூஸ் கெர்பி வரைந்தது, 1971-இல் சந்தைக்கு வந்தது, 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இப்போது அதிகாரபூர்வமாக அதன் பெயர் ஐஎல்சிஏ. எங்கள் கொட்டகையில் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. லேசர் லேசர்தான். ஒரே உடற்பகுதிக்கு மூன்று அளவில் பாய் மாட்டலாம் என்பது இதில் உள்ள பெரிய சௌகரியம். என் எடைக்கு நடு அளவு என்று முதல் நாளே ஒரு அக்கா கண்ணாலேயே அளந்து சொல்லிவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

பிள்ளையைச் சேர்க்கப் போன நான் எப்படி லேசரில் ஏறினேன் என்று கேட்கலாம். பெற்றோர் கரையில் சும்மா உட்கார்ந்திருப்பதை இந்தக் கிளப் தாங்காது. மூன்றாவது வாரமே கையில் ஒரு கயிற்று நுனியைக் கொடுத்து, "ஷீட்டைப் பிடிங்க" என்றார்கள். நான் பாயைப் பிடித்தேன். சிரிப்பு. ஷீட் என்றால் பாய் இல்லையாம், பாயை இழுக்கிற கயிறாம். பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஒரு பெயர், படகைக் கட்டும் கயிற்றுக்கு ஒரு பெயர், எதையும் வெறும் கயிறு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. இந்தப் பேச்சு வழக்கு புதியவர்களை எவ்வளவு விரட்டுகிறது என்பது அங்கே பழகியவர்களுக்குத் தெரிவதே இல்லை. ஒரு நாள் கடலில் எதிரே வந்த ஒருவர் என்னைப் பார்த்து "ஸ்டார்போர்டு!" என்று கத்தியபோது என்னவோ திட்டுகிறார் என்றே நினைத்தேன். காற்று வலப்பக்கத்திலிருந்து வாங்கிப் போகும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து வாங்கும் படகு வழிவிட வேண்டும். அவர் தன் உரிமையைச் சொல்லியிருக்கிறார். நான் பதிலுக்கு "சாரி சார்" என்றேன், வழிதான் விடவில்லை. அவரே திருப்பிக்கொண்டு போனார்.

கவிழப் பழக்குவதுதான் இங்கே முதல் பாடம். ஓட்டக் கற்றுக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். இதை நான் மிகவும் மெச்சுகிறேன். இடுப்பளவு தண்ணீரைத் தாண்டி, பாதுகாப்புப் படகு பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே படகைச் சாய்த்துவிடுவார்கள். முதல் தடவை தலை மூழ்கியதும் உப்புத்தண்ணீர் மூக்கில் ஏறி, எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. சட்டை தானே தூக்கிவிட்டது. அது லைஃப் ஜாக்கெட் இல்லை, மிதவைச் சட்டை என்று திருத்தினார்கள். இரண்டும் வேறு. மயங்கிக் கிடந்தாலும் முகத்தை மேலே திருப்புகிற மாதிரி செய்தது லைஃப் ஜாக்கெட். மிதவைச் சட்டை நீந்தத் தெரிந்தவருக்கு, கை கால் அசைக்கத் தோதானது, 50 நியூட்டன் மிதப்பு. டிங்கிக்கு இதுதான். அப்புறம் கவிழ்ந்த படகைச் சுற்றி நீந்திப் போய், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் டாகர்போர்டு பலகையைப் பிடித்துத் தொங்க வேண்டும். ஏறி அதன் நுனியில் நிற்காதே, உடைந்துவிடும். படகின் உடலை ஒட்டி நில் என்றார் சொல்லிக்கொடுத்தவர். அதற்கு முன்னால் ஷீட்டை லூசாக விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு நிமிர்ந்த வேகத்தில் பாய் காற்றைப் பிடித்து மறுபக்கம் கவிழும். எனக்கு அப்படித்தான் கவிழ்ந்தது. மூன்று முறை. நான்காவது முறை படகு "சொளக்" என்று நிமிர்ந்து, பாயிலிருந்து தண்ணீர் கொட்ட, நான் மீன் மாதிரி வயிற்றால் வழுக்கி உள்ளே விழுந்தேன். நாற்பத்தாறு வயதில் அப்படிக் கத்திச் சிரித்ததை என் மகன் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆப்டிமிஸ்டில் வேறு கதை. அது நிமிர்ந்தாலும் வயிறு நிறையத் தண்ணீரோடு நிமிரும். உள்ளே காற்றுப்பைகள் இருப்பதால் மூழ்காது, ஆனால் உட்கார்ந்து இறைக்க வேண்டும். பிள்ளைகள் அதை ஒரு போட்டியாகவே வைத்திருக்கிறார்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் கேன்தான் கருவி.

முடிச்சுகளைப் பற்றி ஒன்று. மாலையில் வகுப்பு எடுத்தபோது, எட்டு எழுத்து வடிவில் போடும் முடிச்சை அலட்சியமாக விட்டுவிட்டேன். இதெல்லாம் பிள்ளைகளுக்கு என்று நினைப்பு. முதல் தனிப் பயணத்தில் நடுக்கடலில் (சரி, கரையிலிருந்து இருநூறு மீட்டர்) ஷீட் கையிலிருந்து நழுவியது. அதன் முனையில் முடிச்சு இல்லாததால் கப்பி வழியாகச் சரசரவென்று முழுவதும் ஓடி, தண்ணீருக்குள் வால் மாதிரி தொங்கியது. பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு காற்றுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போக ஆரம்பித்தது. மோட்டார் படகில் வந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கயிற்றை மறுபடி கப்பிகளில் கோத்து, முனையில் ஒரு எட்டு போட்டு, என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி பந்தய நாள். எனக்கு ஓட்டுவதைவிட இதுதான் பிடித்துப்போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கு எழுதும் உத்தியோகத்தில் இருப்பவள் என்று தெரிந்ததும் பந்தயத்தை நடத்தும் கரையோரக் கூண்டில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வகுப்புக் கொடி, அதாவது அந்தப் படகு வகைக்கான கொடி ஏறும், ஒரு ஹாரன். நான்கு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி, பெரும்பாலும் நீலத்துக்கு நடுவே வெள்ளைச் சதுரம் உள்ளது. ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும், நீளமான ஹாரன். பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கும். அதற்குள் பதினைந்து இருபது படகுகள் கோட்டுக்குப் பின்னால் நெளிந்து, முட்டிக்கொள்ளாமல் வட்டமடித்து, சரியாகப் பூஜ்யத்தில் பாய வேண்டும். கார்ப் பந்தயம் மாதிரி நின்று புறப்பட முடியாது. படகுக்கு பிரேக் இல்லை.

என் முதல் முறைப்பணியில் பூஜ்யத்துக்கு ஹாரனை அழுத்தினால் "ப்ஸ்ஸ்" என்றது. வாயு தீர்ந்துபோன டப்பா. எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா கொடியை இறக்கிவிட்டு நிதானமாகத் திரும்பினார். "பயப்படாதீங்க. கொடிதான் கணக்கு. சத்தம் வரலைன்னா அது வராததுதான், விதியிலேயே இருக்கு." உண்மைதான். நேரம் கொடியைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஒலி தவறினால் பொருட்படுத்தக் கூடாது என்று விதிப்புத்தகம் சொல்கிறது. ஆனால் அன்று கொடியைப் பார்க்காமல் காதை நம்பி நின்ற நான்கு பேர் கோட்டிலேயே விடப்பட்டார்கள். அதில் ஒருவர் கிளப்பின் தலைவர். கரைக்கு வந்ததும் நேரே கூண்டுக்குத்தான் வருகிறார் என்று தெரிந்து நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். வந்தார், காலி டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், குப்பையில் போட்டார், போய்விட்டார்.

வெவ்வேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடினால் யார் வென்றது என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் உண்டு. போர்ட்ஸ்மவுத் எண் என்பார்கள். எடுத்த நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். எண் 1100 உள்ள படகு 55 நிமிடம் எடுத்தால் அதன் கணக்கு 50 நிமிடம். மெதுவான படகுக்குப் பெரிய எண். ஆகவே கடைசியாகக் கோட்டைத் தாண்டிய பிள்ளை கணக்கில் மூன்றாவது வருவதும் உண்டு. அதனால்தான் எல்லாரும் கொட்டகையில் உட்கார்ந்து நான் கூட்டி முடிக்கக் காத்திருப்பார்கள். என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்கை இவ்வளவு ஆவலாக யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

நடுவர் யாரும் கூடவே வருவதில்லை என்பதும் புதியவர்களுக்கு ஆச்சரியம். பந்தயப் பாதையைக் காட்டும் மிதவையைத் தொட்டால் நீங்களே ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் போக வேண்டும். இன்னொருவர் வழியை மறித்தால் இரண்டு சுற்று. கூண்டிலிருந்து பைனாகுலரில் ஒரு பையனைப் பார்த்தேன். தூர மிதவையில் படகின் பின்பக்கம் உரசிவிட்டது. சுற்றிலும் யாரும் இல்லை. எனக்கே உறுதியாகத் தெரியவில்லை, உரசியதா இல்லையா என்று. அவன் ஒதுங்கிப் போய் ஒரு வட்டம் போட்டான். இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். கரையில் அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

விதிப்புத்தகம் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது. இப்போதையது 2025 முதல் 2028 வரை. அதில் முதல் விதி வேகத்தைப் பற்றியது இல்லை. ஆபத்தில் இருக்கும் ஆளுக்கோ படகுக்கோ முடிந்த எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்பதுதான். முதல் நாள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றவர்கள் இதைப் படித்துவிட்டு நிற்கவில்லை என்றாலும், படித்தபோது எனக்கு அந்த முதுகுகள்தான் ஞாபகம் வந்தன.

பாதுகாப்பில் இந்தக் கிளப் கறார். மோட்டார் படகு ஓட்டுபவர் காலில் சிவப்புச் சுருள் கயிறு மாட்டாமல் என்ஜினைத் தொடவிடமாட்டார்கள். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். ஆளில்லாத படகு சுழல்விசிறியோடு தண்ணீரில் கிடப்பவர்களைச் சுற்றிச் சுற்றி வருவதைவிடப் பயங்கரம் வேறில்லை. கவிழ்ந்த இடத்துக்குப் போனதும் முதலில் தலைகளை எண்ணுவார்கள். படகு அப்புறம். கடலுக்குப் போனவர்கள் பெயர்ப்பலகையில் ஒரு வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் எடுக்க வேண்டும். எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் ராத்திரி போன் வரும். எனக்கு வந்திருக்கிறது.

ஒரு நாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, வெயில் இதமாக இருந்தது, பிள்ளைகள் தயாராக நின்றார்கள். அன்றைக்கு ரத்து செய்துவிட்டார்கள். பெற்றோர்களில் பாதிப்பேருக்குக் கோபம், எனக்கும்தான். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது. அப்படி அடித்தால் கரையோரம் அலையே எழாது. கொட்டகைகளும் மரங்களும் மறைப்பதால் காற்றும் தெரியாது. இருநூறு மீட்டர் போனதும்தான் அதன் முழுப் பலம் தெரியும். கவிழ்ந்தாலோ கயிறு அறுந்தாலோ உங்களை வெளியேதான் தள்ளிக்கொண்டு போகும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாய்மேல் விழும் விசை நான்கு மடங்கு ஆகும் என்பதையும் அன்றுதான் அந்தப் பெரியவர் மணலில் குச்சியால் எழுதிக் காட்டினார். காற்றின் வேகத்தை 'நாட்' என்ற அளவில் சொல்வார்கள். எட்டு நாட் காற்றில் சிரித்துக்கொண்டே ஓட்டும் பிள்ளை பதினாறு நாட் காற்றில் அழும். ரத்தான நாளில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. கொட்டகைக்குள் கிழிந்த பாய் தைத்தார்கள், கயிற்றுமுனை பின்னப் பழகினார்கள், ஒரு கூட்டம் மிதவைகளுக்குப் பதிலாக வாளிகளை வைத்து மணலில் ஓடிப் பந்தய விதி பழகியது. அன்றைக்குச் சேர்ந்த நட்பில்தான் என் மகனுக்கு இன்றைக்கும் சனிக்கிழமை விடிகிறது.

இனி அந்த ஒரு மதிப்பெண்.

கிளப்புக்குச் சொந்தமான படகுகளைக் கவனிப்பது போதாது. சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாதிரி நல்ல தண்ணீரில் கழுவி, கப்பிகளில் மணல் போக ஊதி, பாயைக் காயவைத்துச் சுருட்டி வைக்கிறார்கள். பொதுப் படகுகளை எல்லாரும் எடுக்கிறார்கள், உப்போடு விட்டுப் போகிறார்கள். நான் எடுத்த ஒரு பொது லேசரின் பின்பக்கத் தண்ணீர்த் துளையின் அடைப்பானை யார் கழற்றி எங்கே வைத்தார்களோ. மாட்டியிருக்கிறதா என்று பார்க்காதது என் தப்பு. ஆனால் அது படகோடு ஒரு நூலில் கட்டித் தொங்கியிருக்க வேண்டாமா? அரை மணியில் படகு எருமை மாதிரி கனத்துத் திரும்ப மறுத்தது. சரிவில் ஏற்ற ஆறு பேர் தேவைப்பட்டார்கள். அதன்பிறகு நானே எல்லாப் பொதுப் படகுக்கும் அடைப்பானை நூலில் கட்டினேன். அதற்கு எந்தக் கூட்டத் தீர்மானமும் வேண்டியிருக்கவில்லை.

பந்தய நாளில் புதியவர்களைக் கவனிக்க ஆள் இருப்பதில்லை. கற்பிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் பந்தயத்தில் இருக்கிறார்கள். இது கிளப்பிலேயே எல்லாருக்கும் தெரிந்த குறை, யாரும் தீர்க்காத குறை. பெண்களுக்கு உடை மாற்றும் அறை ஒன்றே ஒன்று, தாழ்ப்பாள் பாதி வேலை செய்யும். அளவான மிதவைச் சட்டை வேண்டுமென்றால் சீக்கிரம் வர வேண்டும். தாமதமாக வந்தால் ஆண்களின் பெரிய சட்டை தோளுக்கு மேல் ஏறித் தாடையை இடிக்கும். நேர மாற்றத்தை முந்தின இரவு பதினொரு மணிக்குக் குழுவில் போடுவது இன்னொரு தலைவலி. ஓதம் எப்போது ஏறும் எப்போது வற்றும் என்பது மாதக்கணக்கில் முன்பே அச்சிட்டுக் கிடைக்கிறது. அதைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல என்ன கஷ்டமோ.

சேர நினைப்பவர்கள் பந்தயம் இல்லாத நாளில் போய்ப் பாருங்கள். அன்றைக்கு யாரையாவது படகில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லலாம், மறுக்கமாட்டார்கள். நனைந்தால் பரவாயில்லை என்ற செருப்பு, மாற்றுத் துணி, தொப்பிக்கு ஒரு கயிறு. போன் வேண்டாம். என் முந்தைய போன் இப்போது கடலடியில் இருக்கிறது. முறைப்பணி உங்களுக்கு ஒத்துவராது என்றால் வாடகைக்குப் படகு விடும் இடங்கள் இருக்கின்றன. தப்பில்லை, ஆனால் அங்கே யாரும் உங்கள் கப்பியில் கயிறு கோத்துத் தரமாட்டார்கள்.

வருகிற ஞாயிறு கூண்டில் எனக்கு முறை. புது ஹாரன் இரண்டு வாங்கியாயிற்று. நேற்றே மொட்டைமாடியில் அழுத்திப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு நாய்தான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.